தேன்நிறப் புழு

பதினொரு நாளாக அவள் மகள் எதுவும் சாப்பிடவில்லை. எடை மட்டும் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. வாலு என்று வீட்டில் பெயரெடுத்த ஏழு வயதுப் பிள்ளை ஜன்னலோரம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. வெயில் பட்டபோது வயிற்றுத் தோல் தேன் நிறத்தில் மினுங்கியது.

அந்த நிறத்தோடுதான் அவளுக்குப் பன்னிரண்டு வருஷம் ஓடியிருந்தது. பயிரின் வேரைத் தின்னும் வண்டுப்புழுக்களுக்கு நோய்க்கிருமியைக் கொடுத்து, அவை தீனியை மறந்து, குடல் காலியாகி, தேன் நிறமாகி, வாரக்கணக்கில் கிடந்து சாவதைக் குறித்துவைப்பது அவள் வேலை. மனிதருக்குத் தொற்றாது என்று கிருமி டப்பாவிலேயே அச்சடித்திருந்தது. டாக்டரும் அதையேதான் சொன்னார்.

நோய் கண்ட ஒரு புழுவையாவது பிழைக்கவைக்க அந்த ஆய்வுக்கூடத்தில் யாரும் முயன்றதில்லை.

அவள் முயன்றாள். இருபது கிண்ணம், இருபது புழு, ஆளுக்கொரு கேரட் துண்டு, ஒவ்வொன்றுக்கும் அவளே கலக்கிய மாற்றுமருந்து ஒரு சொட்டு.

"கொல்றதுக்குத்தான்டி நமக்குச் சம்பளம். நீ என்ன, புழுவுக்கு ஆஸ்பத்திரி தொறந்திருக்கே?" பக்கத்து மேசைக்காரி சிரித்தாள்.

இன்று காலை ஏழாவது கிண்ணத்துக் கேரட்டில் ஒரு கடிதடம். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதே மருந்தோடு வீட்டுக்கு ஓடினாள். மகளின் வாயைத் திறந்து ஐந்து சொட்டு விட்டாள். கணவனைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

மதியம் புழு அறையில் மண்வாசனையோடு ஒரு புளித்த வாடை. அலமாரிக்குள் யாரோ பச்சரிசி மெல்வதுபோல் நிதானமான, நிற்காத சத்தம். ஏழாவது கிண்ணத்தில் கேரட்டும் இல்லை, புழுவும் இல்லை. ஓரத்தில் ஓட்டை. எட்டாவதில் புழு இல்லை. ஒன்பதாவதில் இல்லை. பத்தாவதில் அது இருந்தது. கட்டைவிரல் பருமன். மென்றுகொண்டு.

வீட்டுக்குப் போன் செய்தாள்.

"சாப்பிட ஆரம்பிச்சுட்டா!" கணவனின் குரல் தழுதழுத்தது.

"என்னங்க குடுத்தீங்க?"

"நான் ஒண்ணும் குடுக்கலையே."

ஓடினாள். கதவு திறந்தே கிடந்தது. கணவன் நாற்காலியில் சாய்ந்திருந்தான், மடியிலிருந்து தரைவரை போர்வை. முகம் தெளிவாக, சிரித்தபடி.

"வாலு எங்க?"

"இங்கதான், கீழ விளையாடிட்டிருக்கா. கால் மரத்துப்போச்சும்மா, எழுந்திருக்க முடியல. கையக் குடு."

போர்வையை விலக்கினாள்.

முழங்காலுக்குக் கீழே எதுவும் இல்லை. ரத்தமும் இல்லை. நாற்காலிக்கடியில் சுருண்டு கிடந்த மகள், மெல்லுவதை நிறுத்தாமல், அம்மாவின் பாதங்களை நோக்கித் தலையைத் திருப்பினாள்.