கண்ணின் வெள்ளை

அன்று காலை ஊரில் யாருக்கும் சிவப்பு தெரியவில்லை.

தக்காளி சாம்பல் நிறத்தில் கிடந்தது. சாலை விளக்கில் நிற்கச் சொல்லும் நிறம் எரிகிறதா இல்லையா என்று தெரியாமல் பேருந்துகள் முழித்துக்கொண்டு நின்றன. பெண்கள் வைத்த பொட்டைக் கண்ணாடியில் தேடினார்கள். ஆனாலும் யாரும் பதறவில்லை. இரவோடு இரவாகப் புதுப்பிப்பு வருவதும், விடிந்தால் ஏதாவது ஒன்று காணாமல் போவதும் பழகிப்போன சங்கதி. போன ஆடியில் ஆண்களின் மீசையெல்லாம் மறைந்து, ஊரே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தது. மதியத்துக்குள் நிறுவனம் வருத்தம் தெரிவிக்கும், சாயங்காலத்துக்குள் மீசை திரும்பி வரும். மின்விழி வைத்துக்கொண்டவர்களின் தலையெழுத்து அது.

வைத்துக்கொள்ளாதவர் யார் இருக்கிறார்கள்? நரம்புக் காய்ச்சல் ஊர் ஊராக வந்து பார்வையைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகு, எல்லோருடைய கண்ணுக்குப் பின்னாலும் பட்டாணி அளவில் ஒரு கருவி உட்கார்ந்திருந்தது. கண் அவரவருடையதுதான். கண் பார்த்ததை மூளைக்கு எடுத்துச் சொல்வது மட்டும் கருவியின் வேலை. அதற்குள் ஓடிய இயங்குதளத்துக்குத் 'தெளிவு' என்று பெயர். பெயர் வைத்தவனை நிற்க வைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்பது சென்னியப்பனின் நெடுநாள் ஆசை.

அவருக்குக் கோபம் வரக் காரணம் இருந்தது. திருப்பூரில் ஒரு சாய ஆலையில் ஷேடு பார்ப்பவர் அவர். சாயத்தொட்டியிலிருந்து வரும் துணியையும் வாங்குபவர் அனுப்பிய மாதிரித் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'சரி' என்றோ 'இன்னொரு முக்கு' என்றோ சொல்வார். இயந்திரம் அளந்து சொன்ன பிறகும் அவர் தலையாட்டினால்தான் துணி வெளியே போகும். அப்படிப்பட்டவர் சிவப்பு தெரியாமல் ஒரு பகல் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவமானமாக இருக்காதா?

ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் அவர் செய்யும் சோதனை ஒன்று உண்டு. ஷேடு பார்ப்பவனுக்கு முதலில் ஒரு நம்பகமான வெள்ளை வேண்டும். துணியின் வெள்ளையில் நீலம் கலந்திருக்கும், பாலின் வெள்ளை மாட்டுக்கு மாடு மாறும். அவர் நம்பியது மனைவி ரேணுகாவின் கண்ணில் இருந்த வெள்ளையை. காய்ச்சலுக்கு முன்பு, சொந்தக் கண்ணால் அவர் மனதார ரசித்துப் பார்த்த வெள்ளை அது. அதனால் காலையில் எழுந்ததும் அவள் முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்புவார்.

"காப்பிய ஒரு வாய் குடிச்சுப்போட்டு பாருங்களே. கண்ணு எங்கயும் ஓடிப் போகாது" என்பாள் அவள்.

அப்படிப் பார்க்கும்போதுதான், சிவப்பு போவதற்குப் பல மாதம் முன்பு, மாசி மாதத்துப் புதுப்பிப்புக்கு மறுநாள், அந்த வெள்ளையில் லேசான மஞ்சள் தெரிந்தது. பழைய பருத்தியின் மஞ்சள்.

"போச்சு. இந்தத் தடவ வெள்ளையிலயே கை வெச்சுட்டானுக" என்றார்.

ரேணுகா கண்ணாடியில் போய்ப் பார்த்தாள். "எனக்கும் அப்படித்தானுங்க தெரியுது."

"பாத்தியா. உனக்கும் வந்துருச்சு."

அவர் உடனே நிறுவனத்துக்குப் படத்தோடு புகார் செய்தார். ஷேடு பார்ப்பவரே சொல்கிறார் என்பதால் அவர் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. அந்த வாரமே திருத்தம் வந்தது: 'மனித முகங்களில் மஞ்சள் சாயல் தோன்றிய கோளாறு நீக்கப்பட்டது.' மறுநாள் ரேணுகாவின் கண் பளிச்சென்று இருந்தது. சென்னியப்பன் பெருமையாக ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். தெளிவுக்கு அவர் கொடுத்த நட்சத்திரங்கள் அவை மட்டும்தான்.

சிவப்பு போன நாளோடு அவருக்குப் பொறுமையும் போய்விட்டது. 'வெறும்பார்வை' என்று ஓர் இயங்குதளம் இருந்தது. எங்கெங்கோ இருக்கும் ஆர்வலர்கள் சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுத்தது. அதில் தானாக வரும் புதுப்பிப்பு கிடையாது. அழகுபடுத்தாது, திருத்தாது, கண்ணில் பட்டதை அப்படியே மூளைக்கு அனுப்பும். மாற்றிக்கொள்வதுதான் வேதனை. பழையதை அழித்துப் புதியதை ஏற்றும்வரை ஒரு பகல் முழுக்க இருட்டு.

"நீயும் மாத்திக்கோ" என்றார்.

"ரெண்டு பேரும் கண்ணு தெரியாம உக்காந்துக்கிட்டா சோறு ஆரு போடறது? மொதல்ல நீங்க மாத்துங்க. அப்பறம் பாத்துக்கலாம்."

அந்த இருட்டில் அவள் அவர் கையைப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போனாள், பிசைந்த சோற்றைக் கையில் வைத்தாள். அவள் வளையல் முழங்கை வரை ஏறி இறங்குவது அவருக்கு அன்றுதான் தட்டுப்பட்டது.

"ஏன் அம்மிணி, இத்தன எளச்சுப் போயிட்ட?"

"பசியே எடுக்கறதில்லீங்க. ஒடம்பெல்லாம் ஒரே அரிப்பு. டாக்டரம்மா கண்ண இழுத்துப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சத்து மாத்திரைதான் குடுத்தாங்க."

பார்வை திரும்பியபோது சென்னியப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. சுவர் சுவராக இருந்தது. ஆலையில் எடுத்துவந்த வெள்ளைத் துண்டுகளை வரிசையாக அடுக்கினார். ஒன்றுக்கொன்று இருந்த இம்மி வித்தியாசம் கூடத் தெரிந்தது. சந்தோஷமாக ரேணுகாவின் முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார்.

மஞ்சள். மாசியில் பார்த்த லேசான மஞ்சள் இல்லை. அரைத்த விழுதைக் கண்ணில் அப்பியது போல இருந்தது. முகமும் கழுத்தும் கூட அப்படியே.

இதிலும் அதே கோளாறு என்றுதான் அவருக்கு முதலில் எரிச்சல் வந்தது. உதவி எண்ணைக் கூப்பிட்டார். நாகூரிலிருந்து நஸீமா என்ற ஆர்வலர் பேசினாள். முகத்துக்கு மட்டும் மஞ்சளைக் குறைக்க எங்கே திருக வேண்டும் என்று கேட்டார்.

"மத்த வெள்ளையெல்லாம் எப்படி இருக்குண்ணே?"

"துணி, பாலு, சுண்ணாம்பு எல்லாம் சுத்தமா இருக்குதுங்க."

"உங்க முகம்?"

கண்ணாடியில் பார்த்தார். "என்னுது சரியாத்தான் இருக்குது. வீட்டுக்காரிக்கு மட்டுந்தான்."

"அண்ணே, நாங்க முகம் எது, துணி எதுன்னு பிரிச்சே பாக்கிறதில்ல. எங்ககிட்ட கோளாறு இருந்தா எல்லாத்துலயும் தெரியும். அக்காவை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கண்ணே."

பெரிய மருத்துவமனையில் டாக்டர் ரேணுகாவின் இமையை இழுத்துப் பார்த்தார். "வெள்ளையாத்தானே இருக்கு" என்றார். அவருக்கும் தெளிவுதான். சென்னியப்பன் நகர மறுத்து, ரத்தம் எடுத்தே ஆக வேண்டும் என்று நின்றார். ரத்தத்தில் பித்தம் எவ்வளவு என்று இயந்திரம் அச்சடித்துக் கொடுத்த எண்ணைப் பார்த்ததும் டாக்டர் இன்னொரு முறை இமையை இழுத்தார். அப்போதும் அவருக்கு வெள்ளைதான் தெரிந்தது. அவர் முகம் மட்டும் மாறியது.

மறுநாள் படமெடுத்தார்கள். பித்தக்குழாயை ஒரு கட்டி அடைத்திருந்தது, கல்லீரலுக்கும் பரவியிருந்தது.

"மஞ்சள் முதல்ல எப்பத் தெரிஞ்சுது?"

"மாசியிலங்க" என்றார் சென்னியப்பன்.

"அப்பவே வந்திருந்தா வெட்டி எடுத்திருக்கலாம். இப்ப ஐப்பசி ஆச்சு. மாசியிலேயே தெரிஞ்சும் ஏன் சார் வரல?"

பார்த்தவர் சென்னியப்பன்தான். பார்த்ததை அழிக்கச் சொன்னவரும் அவர்தான். படுக்கையிலிருந்து ரேணுகா அவர் விரலைப் பிடித்தாள்.

"எனக்கும் தெரிஞ்சுதுங்களே. நானுந்தான சும்மா இருந்தேன்."

அவள் ஆறுதலுக்குச் சொன்னாள் என்பதுதான் அவரைக் கொன்றது.

கூடத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் முழு விஷயமும் அவருக்கு உறைத்தது. அந்தத் திருத்தம் அவர் வீட்டுக்கு மட்டும் வரவில்லை, தெளிவு ஓடும் அத்தனை கண்ணுக்கும் போயிருக்கிறது. நிறுவனத்தைக் கூப்பிட்டு, அன்று சொன்ன புகார் தப்பு, திருத்தத்தை உடனே எடுங்கள் என்று கெஞ்சினார். இனிமையான இயந்திரக் குரல் பொறுமையாகக் கேட்டது. அந்தத் திருத்தத்தில் பயனர்கள் அனைவரும் திருப்தியாக இருக்கிறார்கள் என்றது. அவர் இப்போது தெளிவின் பயனர் அல்ல என்பதால் புகாரை ஏற்க இயலவில்லை என்றும், எப்போது வேண்டுமானாலும் அவர் திரும்பி வரலாம் என்றும் சொன்னது.

நிமிர்ந்தார். கூடம் நிறைய ஜனம். எதிர் வரிசையில் ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கையைச் சொறிந்தபடி பல்வலிக்குச் சீட்டு வாங்கக் காத்திருந்தார். அவருடைய இரண்டு கண்ணும் மஞ்சளாக இருந்தன. நாலு ஆள் தள்ளி இன்னொரு பெண். தூணருகே மற்றொருவர்.

சென்னியப்பன் எழுந்து போய் எதிர் வரிசைக்காரரின் முன்னால் நின்றார். "ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. உங்க கண்ணு மஞ்சளா இருக்குதுங்க. ரத்தம் சோதிச்சுப் பாத்துருங்க."

அவர் பக்கத்திலிருந்த மகளைப் பார்த்தார். மகள் அப்பாவின் முகத்தைத் திருப்பி உற்றுப் பார்த்துவிட்டு, "நல்ல வெள்ளையாத்தான் இருக்குதுங்கப்பா" என்றாள்.

அந்த மனிதருக்கு இரக்கம் வந்துவிட்டது. நகர்ந்து சென்னியப்பனுக்கு இடம் விட்டார்.

"மாசியில எங்க ஊட்டுலயும் எல்லாத்துக்கும் என்ற கண்ணு அப்படித்தானுங்க தெரிஞ்சுது. நீங்க அப்டேட்டு போடாம உட்டுட்டீங்களாட்ட இருக்குது. போட்டுக்குங்க, எல்லாஞ் சரியாப் போயிரும்."

சென்னியப்பன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தார்.