நாற்பதுக்குக் கீழே ரஞ்சிதம்

மனித குலத்தின் நெடிய வரலாற்றில் முதன்முறையாக, மதச் சுதந்திரம் என்னும் மாபெரும் மனித உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் தசமப் புள்ளி பிசகாமல் வழங்கப்பட்டுவிட்டது என்பதை உரிமை அளவை வாரியம் பேருவகையுடன் அறிவித்துக்கொள்கிறது. சுதந்திரம் தேவைப்படுவோர் காலை பத்து மணிக்குள் வரிசையில் நிற்கவும்.

நாகப்பட்டினம் அளவை நிலைய வாசலில் ஒலிபெருக்கி இதைப் பதினோராம் தடவை முழங்கியபோது, கருவாடு விற்கும் ரஞ்சிதம் உள்ளே நம்பிக்கைமானியின் பட்டையை நெற்றியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனசுக்குள் எந்த நம்பிக்கைக்கு எவ்வளவு இடம் என்று நூற்றுக்கு இத்தனையாகச் சொல்லிவிடும் கருவி அது. ஏதாவது ஒன்று நாற்பதைத் தொட்டால் அந்த மதத்தின் அட்டை கிடைக்கும். அட்டையைக் காட்டினால்தான் வழிபாட்டுத் தலத்தின் கதவு திறக்கும். அட்டைக்கு ஆயுள் ஏழு நாள். பக்தி சீக்கிரம் ஊசிப்போகும் பண்டம் என்பது வாரியத்தின் ஆய்வு முடிவு.

ரஞ்சிதத்துக்கு வந்த அளவு: மாரியம்மன் முப்பத்து நான்கு, ஆரோக்கிய மாதா முப்பத்து மூன்று, நாகூர் ஆண்டவர் முப்பத்து மூன்று.

‘மதமற்றவர்’ என்று எழுதப்போன அதிகாரி திருவேங்கடத்துக்கே மனசு கேட்கவில்லை.

“ஒண்ணை விட்டுடுங்கம்மா. மத்ததுல ஒண்ணு தானா ஏறிடும்.”

எதை விடுவது? போன மாதம் மகள் டெங்குவில் ஒன்பது நாள் கண் திறக்காமல் கிடந்தபோது மூன்று பேரிடமும் ரஞ்சிதம் வேண்டிக்கொண்டிருந்தாள். மகள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டுவிட்டாள். அடுத்த வார ஞாயிறன்று கூழ் ஊற்ற வேண்டும், மெழுகுவத்தி ஏற்ற வேண்டும், பூப்போர்வை சாத்த வேண்டும்.

“யாரு காப்பாத்துனாங்கன்னு எனக்கு எப்படி சார் தெரியும்? நான் விட்டது அவங்களையாவே இருந்துட்டா?”

விதி அப்படித்தான் என்றார் திருவேங்கடம். ரஞ்சிதம் எழுந்திருக்கவில்லை. வரிசையில் நின்ற மூன்று மணி நேரமும் சுவரில் ஒட்டியிருந்த வாரியத்தின் சட்ட விதிகளைத்தான் அவள் எழுத்துக்கூட்டிப் படித்திருந்தாள். கருவியைச் சந்தேகிப்பவர் கேட்டால் அதிகாரி தன்னையே அளந்து காட்ட வேண்டும். தொண்ணூறைத் தாண்டும் எந்த நம்பிக்கையும் மதமே. நம்பப்படுவது இருக்கும் இடம் வழிபாட்டுத் தலமே. வழிபாட்டுத் தலத்துக்குள் யாரையும் அளக்கக்கூடாது.

“உங்க மிஷின்ல கோளாறு. நீங்க கட்டிக் காட்டுங்க.”

திருவேங்கடம் சிரித்துக்கொண்டே பட்டையைக் கட்டினார். “இது தப்பே பண்ணாதும்மா. என் பிள்ளைங்க மேல சத்தியம்.”

மானி அதையும் கேட்டுக்கொண்டது. அவர் பிறந்த மதம்: இரண்டு. அதற்குக் கீழே, இதுவரை யாருக்கும் வராத ஒரு வரி வந்தது. நம்பிக்கைமானி: தொண்ணூற்றேழு.

ரஞ்சிதம் திரையை நிதானமாக வாசித்தாள்.

“செருப்பைக் கழட்டுங்க தம்பி. கோயில்.”

இது அபத்தம் என்று நிரூபிக்கத் தலைமையகத்தில் இயக்குநர் தன்னையே அளந்துகொண்டார். தொண்ணூற்றொன்பது. அத்துடன் மாநிலத்தின் எல்லா அளவை நிலையங்களும் சட்டப்படி வழிபாட்டுத் தலங்களாயின. உள்ளே யாரையும் அளக்க முடியவில்லை. கருவியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்திப் பார்த்தார்கள். தாழ்வாரமும் தலமானது. ஏழே நாளில் அமைச்சர் உட்பட அத்தனை பேர் அட்டையும் காலாவதியாகி, அமைச்சர் தன் குலதெய்வத்தின் வாசலில் வெயிலில் நிற்க நேர்ந்ததும், கதவுகளைத் திறந்துவிட உத்தரவு வந்தது.

ஞாயிறன்று ரஞ்சிதம் மகளையும் கூட்டிக்கொண்டு மூன்று வாசல்களிலும் நுழைந்து வெளியே வந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்றிலும் வாரியம் ஒரே அறிவிப்பை ஒட்டியிருந்தது.

கருவி பழுது.