மெல்லும் நேரம்

செம்பூஞ்சை பயிர்களின் கதிர்களை மட்டும்தான் தின்றது. தாளும் புல்லும் பச்சையாக நிற்க, அவற்றின் நடுவே மனிதர்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் ஆண்டில் கால்நடை மருத்துவர் தில்லைநாயகி தன் இரைப்பைக்கு மேலே ஓர் அசைப்பையைப் பொருத்திக்கொண்டாள்.

பசுவின் முதல் வயிற்றைப் பார்த்து வளர்த்த திசுப்பை அது. புல்லைச் செரிக்கும் சக்தி பசுவுக்குக் கிடையாது. அதன் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் புல்லைப் புளிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. அந்தச் சத்தை உறிஞ்சிக்கொள்ளும் பசு, அடுத்த வயிறுகளுக்கு வழிந்துவரும் நுண்ணுயிர்களையும் செரித்துவிடுகிறது. அந்தக் கூட்டத்தைத்தான் அவள் தனக்குள் குடியேற்றியிருந்தாள்.

இரண்டு நாள் புல்லை அரைத்துக் குடித்தாள். மூன்றாம் நாள் காலையில் வயிறு கல்லாக இறுகி, சுருண்டு விழுந்தாள். பைக்குள் அமிலம் ஏறி நுண்ணுயிர்கள் மடிந்துகொண்டிருந்தன. அறுவை மருத்துவன் ஜெபமணி பையை உடனே அகற்ற வேண்டும் என்றான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எடுத்துராதீங்க, ஜெபமணி. தப்பு பையில இல்ல, என் வாயில. மாடு மணிக்கணக்கா அசைபோட்டு, குடம் குடமா எச்சில் விழுங்குது. அந்த எச்சில்தான் புளிப்ப முறிக்குது. நான் மெல்லவே இல்லையே.”

சோடா உப்புக் கரைசலைப் பைக்குள் செலுத்திவிட்டு, ஒரு வேளை பொறுத்துப் பார்க்க அவன் சம்மதித்தான். மாலைக்குள் வயிறு இளகியது. மறுநாள் முழுப் புல்லையே தின்றாள். சற்று நேரத்தில் ஓர் உருண்டை தொண்டைக்கு ஏறிவந்தது. அவள் அழுதுகொண்டே மென்றாள். ஒரு மாதத்தில் நான்கு கிலோ எடை கூடினாள்.

இரண்டே ஆண்டுகளில் எட்டுக் கோடிப் பேர் அசைப்பை பொருத்திக்கொண்டார்கள். கஞ்சித் தொட்டிகள் மூடப்பட்டன. எலும்பும் தோலுமாகக் கிடந்த குழந்தைகள் வரப்புகளில் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். தில்லைநாயகி போன ஊரிலெல்லாம் பெண்கள் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள்.

பிறகு ஒரு நண்பகலில் உணவு ஆணையர் அரங்கண்ணல் அவளைத் தேடி வந்தார். அவளுடைய சோதனைக்கு அனுமதி கொடுத்தவரே அவர்தான். நாளுக்கு ஆறு மணி நேரம் எல்லோரும் உட்கார்ந்து மென்றுகொண்டிருப்பதால் ஆலைகள் பாதி நாள் நிற்கின்றன என்றார். முன்பு ஒரு படி அரிசிக்காக எந்த வேலைக்கும் வந்தவர்கள், வாசலிலேயே புல் முளைப்பதால் இப்போது கூப்பிட்டாலும் வருவதில்லையாம். அசைபோடும் நேரத்தை இரண்டு மணி நேரமாகக் குறைக்கும் ஆணையை நீட்டி, அவள் கையெழுத்தைக் கேட்டார்.

“ரெண்டு மணி நேரம் மென்னா பை புளிச்சிரும் சார். மூணே நாள்ல ஊரே படுத்துரும்.”

“அப்போ வேலையெல்லாம் யார்தான் செய்யறது? இதுக்கு நீங்க ஒரு—”

அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. தொண்டைக்குள் உருண்டை ஏறிவிட்டது. மன்னிக்கும்படி கையை உயர்த்திவிட்டு, வாயை மூடி மெல்லத் தொடங்கினார். ஆணை அவர் மடியில் கிடந்தது. சிறிது நேரத்தில் அவளும் மென்றாள்.

வெளியே ஆலைச் சங்கு ஊதியது. மரநிழலில் உட்கார்ந்திருந்த நூற்றுக்கணக்கானவர்களில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.