முதுகைக் காட்டிய கிளி

சங்கவியின் அம்மாவுடைய செல்போனில் நாற்பத்து மூன்று கிளிப் படங்கள் இருந்தன. நாற்பத்து இரண்டில் வால் மட்டும்தான் தெரிந்தது. மிச்சம் ஒன்றில் வாலும் இல்லை, வெறும் வானம்.

"இது கிளியா? எனக்கு என்னமோ பச்சை மொளகா மாதிரி தெரியுது" என்றான் அலெக்ஸ். "ஊரு பேரு கிளியனூரு. உன்கிட்ட ஒரு கிளி போட்டோ இல்ல."

"போடா" என்றாள் சங்கவி.

விஷயம் இதுதான். ஆறாம் வகுப்புச் சுவரில் அருணா டீச்சர் ஒரு பெரிய பலகை மாட்டியிருந்தார். 'நம்ம ஊர்ப் பறவைகள்' என்று அதற்குத் தலைப்பு. ஆளுக்கு ஒரு பறவையைப் படம் பிடிக்க வேண்டும். அதன் பெயர் எப்படி வந்தது என்று கீழே எழுத வேண்டும். கூண்டுப் பறவை கூடாது. திங்கட்கிழமை கடைசி நாள்.

அலெக்ஸுக்குப் பெரிய பச்சைக்கிளி கிடைத்தது. தோளில் சிவப்புத் திட்டு உள்ள கிளி அது. அலெக்ஸாண்டர் மன்னர் இங்கிருந்து அந்தக் கிளிகளைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோனாராம். அதனால் ஆங்கிலத்தில் அவர் பெயரையே வைத்துவிட்டார்களாம். அலெக்ஸ் கோலியனூரில் மாமா வீட்டு மாந்தோப்பில் அதை அழகாகப் படம் எடுத்துவிட்டான். "அதுக்கும் என் பேருதான்" என்று பள்ளிக்கூட வாட்ச்மேன் வரைக்கும் சொல்லிவிட்டான்.

சங்கவிக்கு வந்தது செந்தார்ப் பைங்கிளி.

"தார்னா மாலை. செந்தார்னா சிவப்பு மாலை. பைங்கிளின்னா பச்சைக்கிளி. ஆண் கிளியோட கழுத்துல மாலை போட்ட மாதிரி இருக்கும்" என்றார் டீச்சர்.

சங்கவி எழுந்து நின்றாள். "டீச்சர், எங்க கம்பங்கொல்லைக்குத் தினம் அம்பது கிளி வருது. நான்தான் ஓட்றேன். ஒரு கிளிக்கும் சிவப்பு மாலை இல்ல. சிலதுக்குத் தொண்டையில கறுப்பா ஒரு கோடு இருக்கு, அவ்ளோதான். பேரு பொய் டீச்சர்."

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"அப்படியா? நல்லா தெரியிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கினு வா. பொய்யின்னா, நம்ம பலகையில பேரை மாத்தியே எழுதிடலாம்."

ஒரு கிளியின் பெயரையே மாற்றுவதென்றால் சும்மாவா?

ஆனால் கிளிகள் ஒத்துழைக்க வேண்டுமே. தினமும் பள்ளி விட்டதும் எண்ணெய் டின்னைத் தட்டி அவற்றைக் கொல்லையிலிருந்து விரட்டுவது அவள் வேலை. கிளிகளுக்கு அவளை நன்றாகவே தெரியும். வரப்பில் அவள் தலை தெரிந்ததும் 'கீ கீ' என்று மொத்தக் கூட்டமும் கிளம்பிவிடும்.

சனிக்கிழமை அப்பாவின் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போனாள். அப்போதும் பறந்துவிட்டன. அம்மா செண்பகம் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஆளை மாத்திட்ட, சரி. தோள்ல தொங்குற டின்ன யாரு மாத்துறது?"

சங்கவி தோளைப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் டின்னையும் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"நாளைக்கு ஒரு நாள்தாம்மா இருக்கு."

"எனக்கும் அப்படித்தாண்டி. திங்கக்கெழம அறுப்பு. அதுவரைக்கும் டின்னு சத்தம் நிக்கக் கூடாது. விட்டா அரைக் கொல்லைய தின்னுட்டுப் போயிடும்."

அறுப்பு முடிந்தால் கிளிகளும் வராது. சங்கவி வரப்பில் உட்கார்ந்து யோசித்தாள். டின்னைத் தட்டினால் கிளி பறந்துவிடும். தட்டாவிட்டால் கம்பு போய்விடும். சரி, பறக்கிற கிளி எங்கே போகிறது?

வாய்க்கால் ஓரத்தில் ஒரு குட்டை மொட்டைப்பனை இருந்தது. தட்டும்போதெல்லாம் கிளிகள் ஒரு சுற்றுச் சுற்றி அதன் மேல் போய் உட்கார்ந்துகொண்டு திட்டும். அவள் தண்ணீர் குடிக்கப் போனதும் திரும்பி வரும். தினமும் பார்த்த விஷயம்தான். இப்போதுதான் உறைத்தது.

சங்கவி துள்ளிக் குதித்து எழுந்தாள். கிளியைத் தேடி அவள் ஏன் போக வேண்டும்? கிளியே அவளிடம் வரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை சங்கவி கூப்பிட்டபடி அலெக்ஸ் சர்ச் முடிந்து நேராகக் கொல்லைக்கு வந்தான். டின்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. சர்ச் பாட்டுக் குழுவில் டிரம் வாசிப்பவன் அவன்.

"நான் பனைக்குக் கீழ புதர்ல ஒளிஞ்சிக்கிறேன். துண்டை ஆட்டினா நீ தட்டு" என்றாள் சங்கவி.

அவள் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு புதருக்குள் படுத்தாள். கிளிகள் ஒவ்வொன்றாக வந்து கம்பங்கதிரில் தொங்கின. அவள் துண்டை ஆட்டினாள்.

டக்கு டிக்கு டக்கு டும். டக்கு டிக்கு டக்கு டும்.

ஒரு கிளியும் அசையவில்லை. அலெக்ஸ் கண்ணை மூடிக்கொண்டு தாளம் தப்பாமல் வாசித்துக்கொண்டிருந்தான். கிளிகள் கச்சேரி கேட்டபடி கம்பு தின்றன.

சங்கவிக்கு அழுகையே வந்துவிட்டது. கத்தினால் கிளிகளுக்குத் தெரிந்துவிடும். கொல்லையின் அந்தக் கோடியிலிருந்து அம்மா வேகமாக வந்தார்.

"இன்னா தம்பி, கல்யாணத்துக்கா அடிக்கிற? அதுங்க ஆடிக்கினே தின்னும். இப்படிக் குடு." டின்னை வாங்கித் தாறுமாறாக நாலு தட்டுத் தட்டினார்.

கூட்டம் எழும்பியது. ஒரு சுற்றுச் சுற்றியது. நேராகப் பனைக்கு வந்தது.

ஒரு கிளி சங்கவியின் தலைக்கு மேலேயே உட்கார்ந்தது. இவ்வளவு பக்கத்தில் அவள் கிளியைப் பார்த்ததே இல்லை. கோவைப்பழ மூக்கு, நீல வால், தொண்டையில் கறுப்புக் கோடு. எங்கே மாலை? இல்லை. பெயர் பொய்தான். அவள் போனைத் தூக்கினாள்.

கிளி அவளைப் பார்த்துவிட்டது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. 'டின்காரி இங்கேயும் வந்துட்டாளா' என்பது போல ஒரு கத்துக் கத்தியது. பிறகு கோபித்துக்கொண்ட மாமா மாதிரி மெல்ல முதுகைத் திருப்பிக்கொண்டது.

சங்கவி அண்ணாந்து பார்த்தாள்.

பிடரியில், பச்சைக்கு நடுவில், ரோஜா இதழ் நிறத்தில் ஒரு வளையம். யாரோ கட்டிவிட்ட சின்ன மாலை போல இருந்தது. முன்னால் கறுப்பு, பின்னால் சிவப்பு. இத்தனை நாளும் உட்கார்ந்த கிளியின் முன்பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறாள். திரும்பியதுமே அது பறந்துவிடும், வால் மட்டும்தான் தெரியும்.

'க்ளிக்.'

அது நாற்பத்து நான்காவது படம்.

திங்கட்கிழமை படம் பலகையில் ஏறியது. அலெக்ஸ் பக்கத்தில் வந்து பார்த்தான்.

"மூஞ்சியே தெரியலையே."

"மூஞ்சி தெரிஞ்சா மாலை தெரியாது" என்றாள் சங்கவி. பிறகு டீச்சரைப் பார்த்து, "பேரு உண்மைதான் டீச்சர். நான்தான் சரியா பாக்கல" என்றாள். சொல்வதற்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

"அப்போ பேரை மாத்த வேணாம்" என்று சிரித்தார் டீச்சர்.

சாயங்காலம் கொல்லையில் அறுப்பு முடிந்திருந்தது. சங்கவி அம்மாவிடம் கேட்டு ஏழெட்டுக் கதிரை வாங்கினாள். வாய்க்கால் ஓரம் போய், எட்டுகிற உயரத்தில் மொட்டைப்பனையைச் சுற்றிக் கயிற்றால் கட்டினாள்.

மேலே கிளிகள் வழக்கம் போலத் திட்டின. அவள் பத்தடி தள்ளிப்போய் நின்று, வெறும் கைகள் இரண்டையும் தூக்கிக் காட்டினாள்.

முதலில் ஒரு கிளி இறங்கியது. அதன் கழுத்தில் மாலை இருந்தது.