வேடியப்பன் துண்டு

கஸ்தூரி சங்கத்துக் கூடத்துக்குப் போனபோது சாயங்கால வெயில் மலை உச்சியில் மட்டும் மிச்சம் இருந்தது. வாசலில் பையன்கள் யாரும் இல்லை. காய் கலைந்தபடி கேரம்போர்டு கிடந்தது.

எண்பத்து மூணில் அதை வாங்கிப் போட்டவர் தலைவர் தருமன். தெரு அம்மன் வாகனத்தைத் தண்டு கட்டித் தோளில் சுமக்கிற சங்கம் அது. எட்டுத் தோள் வேணும். மிச்சம் இருந்ததெல்லாம் கிழவர்கள். பையன்களை இழுக்க போர்டு, டீ, ரேடியோ என்று என்னென்னமோ வைத்துப் பார்த்தார். வந்தார்கள், ஆடினார்கள், டீயைக் குடித்தார்கள், கிழவர்களின் காய்த்துப்போன தோளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

கஸ்தூரியின் மகன் மூர்த்தியும் ஆடப் போனவன்தான். செங்கம் ரோட்டு லாட்ஜில் வேலை. அவன்மேல்தான் தருமனுக்குக் கண். அவன் அப்பா வேடியப்பன் முன்தண்டில் வலது பக்கம் நின்றவர். போன ஆடியில் வாகனத்தைச் சுமந்தபடியே ரத்தம் கக்கிச் செத்தார்.

செத்தவர் துண்டை அவர் நின்ற இடத்திலேயே தண்டில் கட்டிவைப்பது சங்கத்து வழக்கம். அதை எவன் தோளில் போடுகிறானோ, அந்த இடம் அவனுக்கு. சாகிறவரை விடுதலை கிடையாது.

இந்த ஆடியில் ஏழு பேர்தான் தூக்கினார்கள். வாகனம் கொஞ்சங்கூடச் சாயவில்லை. எப்படி என்று கஸ்தூரி தருமனைக் கேட்டாள்.

"அவரு இன்னும் எறங்கலம்மா," என்றார் தருமன், குரலைத் தாழ்த்தி. "பையன் துண்டை எடுத்தாதான் எறங்குவாரு. பாவம், எவ்ளோ நாளு தூக்குவாரு?"

"தூக்கட்டும். உசுரோட இருந்தப்ப வீட்டுக்குனு ஒரு கொடம் தண்ணி தூக்கியிருப்பாரா? எம் புள்ளைய உட்டுடுங்கண்ணா."

தருமன் விடுகிற ஆளில்லை. அதனால்தான் இன்றைக்கு ஆளில்லாத நேரமாகப் பார்த்து வந்தாள். துண்டையே எரித்துவிட்டால் எதை எடுத்துப் போடுவான்?

உள்ளே இருட்டு. எண்ணெய்ச் சிக்கு, கற்பூரம், பழைய வேர்வை. தண்டுகளைக் கட்டைமேல் கிடத்தியிருந்தார்கள். கிட்டே போனாள்.

முன்தண்டின் வலது முனை கட்டையைத் தொடவில்லை.

அந்தரத்தில் நின்றது. அதற்கடியில் யாரோ மூச்சு வாங்கினார்கள். வேடியப்பன் குடிக்கிற பீடியின் நாற்றம் அடித்தது.

முடிச்சை அவிழ்த்தாள். துண்டு ஈரமாக இருந்தது.

"கஸ்தூரி... எறக்கி உடு."

தோளில் பட்டுவிடாமல் துண்டைக் கைநீட்டிப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு ஓடிவந்தாள். கை கழுவக் குடத்தைச் சரித்தாள். சொட்டுத் தண்ணீர் இல்லை. அடுப்பை மூட்டித் துண்டைத் திணித்தாள். புகைந்ததே தவிரப் பற்றவில்லை. மண்ணெண்ணெய் கேட்டு எதிர்வீட்டுப் பாஞ்சாலையிடம் ஓடினாள்.

திரும்பி வந்தபோது மூர்த்தி நடுவீட்டில் நின்றிருந்தான். தெருக்குழாயில் குளித்துவிட்டு வந்த ஈரத் தலை.

வலது தோளில் துண்டு.

"எங்கடா எடுத்தே?"

"கொடியில காஞ்சிட்டிருந்துச்சி. ஏம்மா?"

அடுப்பைப் பார்த்தாள். சாம்பல்கூட இல்லை.

துண்டைப் பிடுங்கி எறிந்தாள். சிரித்தவன் பாதியில் நிறுத்தினான். வலது தோள் மெல்ல இறங்கியது.

"கனமா இருக்குதும்மா."

சங்கத்துக் கூடத்துப் பக்கமிருந்து, தண்டு கட்டையில் உட்காருகிற சத்தம் கேட்டது.

பிறகு வாசலில் பீடி வாசனை. உள்ளே வந்தது. அவளைக் கடந்து போனது.

மூலையில், அவள் காலியாக விட்டுப்போன குடத்தில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.