ஒன்பதுக்கு எட்டு அறை

இரும்புக் கட்டில்கள் இரண்டும் ஞாயிற்றுக்கிழமை காலை வந்து இறங்கின. மூன்றாம் மாடிக்கு ஒவ்வொன்றாகத் தூக்கி வந்த ஆட்கள் இருவரும் வாசலிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். அறையை எட்டிப் பார்த்த ஒருவன், இதில் ஒன்றைப் போட்டாலே நிற்க இடமிருக்காதே என்றான். கட்டில்களை வாங்கியது அக்கா தங்கை இருவரில் பெரியவள். ஒரு வாரமாக அளந்து பார்த்தவள் அவள். ஒன்பதடிக்கு எட்டடி. பீரோவை ஹாலுக்குத் தள்ளியாயிற்று. உள்பக்கம் திறந்த கதவைத் தச்சரை வைத்து வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றியாயிற்று. ஆளுக்கு ஒரு சுவர், நடுவே இரண்டடி நடைவழி. இடித்துப் பிடித்துப் போட்டுவிடலாம்.

அது அப்பாவின் அறை.

பெரியவளுக்கு நாற்பத்தொன்று, தங்கைக்கு முப்பத்தாறு. நினைவு தெரிந்த நாள் முதல் இருவருக்கும் ஹாலில் பாய்தான். அப்பாவின் மரக்கட்டில் மட்டும் அறையின் நடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே, சட்டமாகக் கிடக்கும். கடைசி மூன்று வருஷம் அவர் எழுந்திருக்கவில்லை. பெரியவள் ராத்திரி முழுக்க ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புக்கு முன்னால் வெந்துவிட்டு வந்து, பகலில் அவரைப் புரட்டினாள், துடைத்தாள், மலம் அள்ளினாள். ஒரு நல்ல வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. சாவதற்கு முந்தின நாள் சொன்னது, தன் அறையில் எவளும் காலை நீட்டக் கூடாது என்பதுதான்.

இரண்டு மாதம் பொறுத்தாள். பிறகு மரக்கட்டிலைப் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிட்டாள். அது நின்ற இடத்தில், சிமெண்ட் தரையில் நான்கு குழிகள் மிஞ்சின.

திங்கட்கிழமை விடிந்து பெரியவள் வேலையிலிருந்து திரும்பியபோது, தங்கை ஹாலில் வெறுந்தரையில் சுருண்டு கிடந்தாள். அறைக்குள் பெரியவளின் மெத்தை கதவோரம் கசங்கிக் கிடந்தது. அவளுடைய கட்டில் பக்கவாட்டில் செங்குத்தாக எழுந்து சுவரோடு ஒட்டி நின்றது.

நடுவிடம் காலியாக இருந்தது.

பெரியவளுக்கு வந்த கோபத்தில் தங்கையை உலுக்கியே எழுப்பினாள். கட்டில் பிடிக்கவில்லையென்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே என்று கத்தினாள். தங்கை எழுந்து உட்கார்ந்து, கட்டிலைப் பார்த்தாள், தன் கைகளைப் பார்த்தாள். மருந்துக் கடையில் மாத்திரை அட்டை எண்ணும் கைகள். இரண்டு ஆட்கள் திணறிய இரும்பை அவை எப்படி நிமிர்த்தும்? ராத்திரி உள்ளே யாரோ இருமிக்கொண்டே இருந்தார்கள், அதனால்தான் வெளியே வந்தேன் என்றாள்.

பெரியவள் நம்பவில்லை. இருவருமாகக் கட்டிலை இறக்கினார்கள். அறைக் கதவை வெளியே பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பெரியவள் தேநீர் போடப் போனாள்.

தண்ணீர் கொதிப்பதற்குள் அந்தச் சத்தம் வந்தது.

இரும்பு தரையில் இழுபடும் சத்தம். மெதுவாக. நின்று நின்று. நடுவில் ஒரு நீண்ட மூச்சு.

தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, பழையபடி ஹால்லயே படுத்துக்கலாம். அவர் ரூமு அவருக்கே இருக்கட்டும்."

அந்த வார்த்தைதான் பெரியவளுக்குச் சுருக்கென்றது. பூட்டைத் திறந்தாள். கட்டில் மறுபடி சுவரோடு நின்றது. பகல் வெளிச்சம் ஜன்னலில் பளீரென்று அடிக்க, உள்ளே தைல வாசமும், நாள்பட்ட படுக்கையின் மூத்திர நெடியும் மூக்கைத் துளைத்தன. இரண்டு முறை சோப்பு போட்டுத் தேய்த்த தரை அது.

தங்கையை வெளியே நிற்கச் சொன்னாள். ஒற்றை ஆளாகத் தோள் கொடுத்துக் கட்டிலைச் சாய்த்தாள். விரல் நசுங்கியது, விடவில்லை. சுவரோரம் தள்ளாமல், அந்த நான்கு குழிகளுக்கு நேர் மேலே, நட்ட நடுவில் இழுத்துப் போட்டாள். மெத்தையை விரித்தாள். வேலைக்குப் போன உடையோடு, மாவு ஒட்டிய காலை நன்றாக நீட்டி மல்லாந்து படுத்தாள்.

சிறிது நேரம் ஒன்றுமில்லை.

பிறகு அவள் இடுப்புக்குப் பக்கத்தில் மெத்தை அமுங்கியது.

கனம் மெல்ல ஏறி வந்தது. விலா, தோள், கழுத்து. காதோரம் ஒரு கரகரத்த மூச்சு. பயத்துக்கு அடியில், வருஷக்கணக்காக விழுங்கி வைத்தது எல்லாம் தொண்டைக்கு வந்திருந்தது.

குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"என்னைப் பொண்ணு கேட்டு மூணு பேர் வந்தாங்க. மூணு பேரையும் வாசலோட விரட்டினீங்க. உங்களைப் பார்த்துக்க ஆள் வேணும்னுதானே? பார்த்துக்கிட்டேன். நீங்க என் மூஞ்சில துப்பினப்பவும் துடைச்சிட்டு உங்களுக்குச் சோறு ஊட்டினேன். செத்தப்புறமும் எனக்கு ஆறடி இடம் தர மனசு வரலையா? நான் எந்திரிக்க மாட்டேன். நீங்க நகருங்கப்பா."

கனம் இன்னும் அழுத்தியது. எலும்பு நொறுங்கும் போலிருந்தது.

"நகருங்க."

சட்டென்று மார்பு லேசானது. நெடி போய்விட்டது. தெருவில் வண்டிகள் ஓடும் சத்தம் திரும்பக் கேட்டது.

அவள் அழவில்லை. எழுந்து கட்டிலைத் தன் சுவரோரம் தள்ளினாள். இரண்டு கட்டில், நடுவே இரண்டடி. சரியாகப் பொருந்தியது. தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு கட்டிலில் விழுந்தவள், புழுக்கத்தில் போர்வைகூட இல்லாமல், அடித்துப் போட்டாற்போலத் தூங்கினாள்.

விழித்தபோது மதியம் தாண்டியிருந்தது. கையைத் தூக்க முடியவில்லை; எந்திரிக்க மாட்டேன் என்றவளால் இப்போது எழுந்திருக்கவே முடியவில்லை.

பீரோவின் மேல் மடித்து வைத்திருந்த கம்பளி அவள் மேல் கழுத்துவரை போர்த்தியிருந்தது. அதன் விளிம்புகள் மெத்தைக்கு அடியில் சுற்றிலும் இறுக்கிச் செருகியிருந்தன. உள்ளே படுத்திருப்பவரால் அப்படிச் செருகிக்கொள்ள முடியாது.

தங்கை ஓடி வந்தாள். "நான் போர்த்தலக்கா. வெளியிலதான் இருந்தேன்."

முழங்காலை ஊன்றி, பலம் கொண்ட மட்டும் இழுத்து, நடைவழிப் பக்கத்தை உருவினாள். பிறகு அக்காவைத் தாண்டி எக்கி, சுவர்ப் பக்கத்தையும் உருவினாள். அப்பாடா என்று நிமிர்ந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

நடைவழிப் பக்கம் மறுபடி செருகியிருந்தது. முன்னைவிட இறுக்கமாக.