கைதட்டாத பண்டிகை

கோழியைப் பிடிக்கக் கொல்லைப்பக்கம் போன எப்சிபா, போன வேகத்திலேயே திரும்பி ஓடி வந்தாள்.

"அம்மா! பொட்டு எழுந்துக்கவே மாட்டேங்குது! அடியில பூரா முட்டை! ஒண்ணு விரிசல் வுட்டுகினு கீது!"

அம்மா மார்கரெட் தம்பிப் பாப்பாவை மெல்லிய துணியால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். "இன்னாடி சொல்றே? இன்னிக்குப் பார்த்தா?" என்றாள்.

பக்கத்து வீட்டுச் சந்திரம்மா வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். "நான்தான் அடை வெச்சேன் பாப்பா. நேத்து ராத்திரி வரைக்கும் நீங்கல்லாம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலேயே கெடந்தீங்களா? தம்பி வூட்டுக்கு வரச்சே குஞ்சுங்களும் வரட்டுமேன்னு வெச்சேன். நல்லா கீதா?"

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பொட்டு இன்றைக்குத் தேவாலயத்துக்குப் போக வேண்டிய கோழி!

அன்று புதுப்பட்டினம் தேவாலயத்தில் அறுப்பின் பண்டிகை. வயலிலும் தோட்டத்திலும் வீட்டிலும் விளைந்ததில் நல்லதாகப் பார்த்துக் கொண்டுவந்து, நன்றியாகப் படைப்பார்கள். பூசணிக்காய் வரும், வாழைத்தார் வரும், முரட்டுச் சேவலும் வரும். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் வாசலில் ஏலம் விடுவார்கள்.

எப்சிபாவிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அவளாகத்தான் முடிவு செய்தாள். குறைமாதத்தில் பிறந்த தம்பியை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவான்போல இருந்தான். எத்தனையோ நாள் கழித்து, "பையன் தேறிட்டான், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்று டாக்டர் சொன்னார். எப்சிபா அந்த வராந்தாவிலேயே குதித்தாள். குதித்துக்கொண்டே, "இயேசப்பா, என்கிட்ட இருக்கறதுலயே நல்லது பொட்டுதான். அது உனக்கு!" என்று சொல்லிவிட்டாள்.

"இந்த வருஷம் ஒரு தேங்காய் குடுத்துக்கலாம்" என்றார் அப்பா ஞானராஜ். அவர் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். "ஏலத்துல கோழின்னாலே பிரியாணிக் கடை தனகோடி அண்ணாத்ததான் எடுப்பாரு. பொட்டு போச்சுன்னா இந்த முட்டைங்க கதி இன்னா?"

எப்சிபாவுக்கு அழுகை முட்டியது. பொட்டுவைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். துணிக்குள்ளிருந்து அவன் ஒரு கொட்டாவி விட்டான்.

"இயேசப்பா நமக்குத் தம்பியையே குடுத்தாரு. நாம தேங்காய் குடுக்கறதா? வேணாம்பா. பொட்டுதான். ஆனா அப்படியே போகணும். கூடையோட, முட்டையோட!"

அடுத்த நிமிடம் வீடே பரபரத்தது. எப்சிபா கூடையை மெல்லத் தூக்கினாள். பொட்டு வெளிச்சத்தைக் கண்டு மிரளாமலிருக்க மேலே ஒரு கறுப்புத் துணியைப் போர்த்தினாள். ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு, "அப்பா, வேகத்தடை! மெதுவா! பள்ளம்! மெதுவா!" என்று வழியெல்லாம் கத்தினாள்.

"இருபது வருஷமா ஓட்டுறேன். எந்தப் போலீஸும் என்னை இவ்ளோ அதட்டுனதில்ல" என்றார் அப்பா.

தேவாலயம் நிரம்பி வழிந்தது. கூட்டம் நெருக்காத இடமாகப் பார்த்து, அம்மா தம்பியோடு வாசலோரம் உட்கார்ந்துகொண்டாள். பாட்டு ஆரம்பித்ததும் பூசணியும் கரும்பும் வாழைத்தாரும் ஊர்வலமாகப் பீடத்தை நோக்கி நடந்தன. எப்சிபா கூடையை அணைத்துக்கொண்டு அந்த வரிசையில் நடந்தாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடையைப் பீடத்துக்கு முன்னால் வைத்தாள்.

எல்லாம் சரியாகத்தான் போனது, டிரம் அடிக்கிற அண்ணன் உற்சாகம் பொறுக்காமல் 'டமார்!' என்று ஓர் அடி போடும்வரை.

கூடையிலிருந்து பொட்டு ராக்கெட்டாகக் கிளம்பியது. ஆயரின் தலைக்கு மேலே பறந்து, பூசணிக்காயில் இறங்கி, அங்கிருந்து தாவி உயரமான ஜன்னல் திண்டில் போய் ஏறிக்கொண்டது. சின்னப் பிள்ளைகள் ஹோவென்று கத்திக்கொண்டு துரத்தினார்கள். பொட்டு இன்னும் மிரண்டு, ஜன்னல் கம்பியை ஒட்டி நின்றது.

"முட்டை ஆறிப்போயிடும்!" எப்சிபா கூடையைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினாள்.

அம்மாவின் நெஞ்சில் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் எப்சிபாவுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. பெட்டியிலிருந்து எடுத்த பிறகு தம்பியை அம்மா நெஞ்சோடுதான் கட்டி வைத்திருந்தார்கள். 'உடம்புச் சூடுதான் மருந்து' என்று நர்ஸ் அக்கா சொல்லிக்கொண்டே இருப்பார்.

எப்சிபா ஒரு முட்டையை எடுத்து அம்மாவின் கையில் வைத்தாள். "பொத்திக்கோம்மா! தம்பியை வெச்சுக்கறியே, அதே மாதிரி!"

அடுத்ததை முன் பெஞ்சு ஆசிரியையின் கையில் வைத்தாள். அடுத்தது பாடகர் குழு அக்காவுக்கு. அடுத்தது டிரம் அண்ணனுக்கு. "நீங்கதானே பயமுறுத்துனீங்க, பிடிங்க!" பீடத்தருகே ஓடி ஆயரிடமும் ஒன்றை நீட்டினாள். ஆயர் வேதப்புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் பயபக்தியோடு வாங்கிக்கொண்டார்.

வாசலோரம் திரும்பி வரும் வழியில் இன்னும் சிலருக்குக் கொடுத்ததில், ஒரே ஒரு முட்டை மிச்சமிருந்தது. காலையிலேயே விரிசல் விட்ட முட்டை அது. எப்சிபா சுற்றிப் பார்த்தாள். பக்கத்திலிருந்தவர்கள் எல்லோரிடமும் முட்டையோ குழந்தையோ இருந்தது. வெறுங்கையோடு நின்றவர் ஒருவர்தான். ஏலத்துக்காகச் சீக்கிரமே வந்து, வாசல்படியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெரிய மீசைக்காரர். பிரியாணிக் கடை தனகோடி!

எப்சிபா ஒரு நொடி தயங்கினாள். முட்டை கைக்குள் லேசாக அசைந்தது. பிறகு தயங்கவில்லை.

"மாமா, இதைப் பிடிங்க! அழுத்தாம பிடிங்க!"

"பாப்பா, எனக்கு ஒடைச்சு ஊத்தத்தான் தெரியும்..."

"ஐயோ, ஒடைக்காதீங்க! உள்ள ஆள் கீது!"

தனகோடி ஆடிப்போய்விட்டார். இரண்டு கைகளையும் கிண்ணமாக்கி, மூச்சுகூடப் பலமாக விடாமல் நின்றார்.

இப்போது பொட்டுவை இறக்க வேண்டும். ஒருவர் ஏணி என்றார். இன்னொருவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார். எப்சிபா மைக் முன்னால் போய் நின்றாள். "யாரும் துரத்தாதீங்க. எல்லாரும் கொஞ்ச நேரம் கம்முனு இருங்க. குஞ்சு கூப்ட்டா பொட்டு தானா வரும். ஆயர் ஐயா, நீங்களும் பேசாதீங்க."

ஆயர் சிரித்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டார்.

தேவாலயம் அமைதியானது. மின்விசிறியின் சத்தம்தான் கேட்டது. அதற்குப் பிறகு, வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"கீச்."

தனகோடியின் உள்ளங்கையில் ஓடு விலகியது. முதலில் ஒரு குட்டி மூக்கு, பிறகு ஈரத் தலை, அதற்குப் பின்னால் தள்ளாடியபடி முழுக் குஞ்சே வந்துவிட்டது. "கீச், கீச்!"

ஜன்னலில் பொட்டு கழுத்தைத் திருப்பியது. "கொக்?" என்றது. தொப்பென்று கீழே குதித்தது. யாரையும் சட்டை செய்யாமல், நடுவழியில் விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தின் மேலே மணப்பெண் மாதிரி நடந்து, நேராகத் தனகோடியின் காலடியில் போய் நின்றது.

தனகோடி மண்டியிட்டுக் குஞ்சைக் கூடையில் விட்டார். பொட்டு ஏறி உட்கார்ந்தது. முட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. டிரம் அண்ணன் மட்டும், "இன்னும் கொஞ்ச நேரம் வெச்சுக்கட்டுமா?" என்று கேட்டார்.

மூடியிருந்த வாயை ஆயர் திறந்தார். "இன்னிக்கு என் பிரசங்கம் போதும். பாடலாம். ஆனா மெதுவா. கைதட்டக் கூடாது."

கைதட்டாமல், டிரம் இல்லாமல் பாடிய நன்றிப் பாட்டு இத்தனை அழகாக இருக்கும் என்று எப்சிபாவுக்கு அதுவரை தெரியாது. அவளும் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். பாட்டுக்கு நடுவே கூடைக்குள்ளிருந்து இரண்டாவது "கீச்" கேட்டது. அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

ஆராதனை முடிந்து ஏலம் ஆரம்பித்தது. "கல்பாக்கம், கல்பாக்கம்!" என்று கூவிப் பழகிய தொண்டை என்பதால், வருஷா வருஷம் ஏலம் கூவுவது அப்பாதான். வாழைத்தார் போனது. பூசணி போனது. அடுத்தது பொட்டு.

"தாய்க்கோழி ஒண்ணு, ரெண்டு குஞ்சு, மீதி முட்டை!" என்று அப்பா கூவினார்.

ஆளாளுக்குக் கேட்டார்கள். யார் எவ்வளவு கேட்டாலும் தனகோடி அதற்கு மேலே போனார். கடைசியில் எல்லோரும் ஓய்ந்துவிட்டார்கள்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!"

எப்சிபா பொட்டுவின் முதுகை ஒருமுறை தடவினாள். ஆனால் கொடுத்தது கொடுத்ததுதான். அவளே கூடையைத் தூக்கிக்கொண்டு போய்த் தனகோடியிடம் நீட்டினாள். "மாமா, வேகத்தடை வந்தா மெதுவா போங்க."

தனகோடி மீசையைச் சொறிந்தார். "பாப்பா, ஒரு சந்தேகம். குஞ்சுக்கு இன்னா தீனி போடணும்? நொய்யா, கம்பா?"

"மாமா! அப்போ இது... பிரியாணிக்கு இல்லியா?"

"இன்னா பாப்பா நீ! என் கையில பொறந்ததை நானே வெட்டுவனா?"

எப்சிபா குதித்த குதியில் கூடையே ஆடியது. "மெதுவா! மெதுவா!" என்று இந்த முறை கத்தியவர் தனகோடி.

மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் எப்சிபா பிரியாணிக் கடையை எட்டிப் பார்த்தாள். கல்லாவுக்குப் பக்கத்தில், மின்விசிறிக் காற்றுப் படாத மூலையில் கூடை இருந்தது. பொட்டுவின் இறக்கைக்கு அடியிலிருந்து நிறையத் தலைகள் நீட்டிக்கொண்டிருந்தன.

அப்போது வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே நுழைந்து, "அண்ணாத்த, நாட்டுக்கோழி பிரியாணி கீதா?" என்று உரக்கக் கேட்டார்.

தனகோடி பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவா கேளுப்பா! பக்கத்துல கொயந்தைங்க தூங்கிகினு கீது."